மாற்ற மறந்த ஒரு வரி

— கையெழுத்துப் போட்டுட்டீங்களா? பெண்டாட்டின்னு ஒருத்தி வீட்ல இருக்கா, ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?

— கேட்டேனே. நீதான் சரின்ன.

— எப்ப?

— போன புதன்கிழமை. நீ எழுதி என் போன்ல போட்டுக் குடுத்த ஆப் இருக்கில்ல, அதுலதான் கேட்டேன். ‘வேற ஊர் ஆஸ்பத்திரில லேப் பொறுப்பு தர்றாங்க, ரெண்டு வருஷம், நான் மட்டும்தான் போகணும், போகட்டுமா’ன்னு. நீயே பாரு.

— எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே.

— வராமயா பதில் வந்துச்சு? கீழ பாரு.

— ‘சரி. பத்திரமா இருங்க.’ இங்க பாருங்க, இதை நான் அனுப்பல.

— பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?

— இருங்க, மேல தள்ளிப் பாக்குறேன். ‘இன்னிக்கு நூத்திப் பதினாலு பேருக்கு ரத்தம் எடுத்தேன், கை விட்டுப்போச்சு.’ ‘சரி. பத்திரமா இருங்க.’ ‘வரும்போது பால் வாங்கட்டுமா?’ ‘சரி. பத்திரமா இருங்க.’ எல்லாத்துக்கும் இதே பதில். போச்சு.

— என்ன போச்சு?

— அந்தத் துணிக் குவியலுக்கு அடியில என் லேப்டாப் இருக்கு, எடுங்க. சார்ஜரையும் சேத்து. ஆமா, நினைச்சது சரியாப்போச்சு. டம்மியை அப்படியே விட்டிருக்கேன்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் ஊசி குத்துறவன்.

— நான் படிக்கிற ஆப் எழுதுற கோர்ஸ்ல புரோட்டோகால்னு ஒரு பாடம் வந்துச்சு. அதுவரைக்கும் என்ன பண்ணுவோம்னா, புரோகிராமை அப்பன் பிள்ளை மாதிரி வம்ச வரிசையா எழுதிக்கிட்டே போவோம். அப்பனுக்குத் தெரிஞ்சது பிள்ளைக்கும் வரும். இதுல அப்படி இல்ல. முதல்ல ஒரு ஒப்பந்தம் எழுதி வைக்கணும். இந்த வேலை தெரியணும், அவ்வளவுதான். யார் பெத்த பிள்ளைன்னு ஆப் கேக்காது. வேலை தெரிஞ்ச யாரை வேணும்னாலும் அந்த இடத்துல உக்கார வைக்கலாம்.

— உன் ஒப்பந்தத்துல என்ன வேலை?

— பதில் சொல்ற வேலை. ஒரு சேதி வந்தா ஒரு பதில் குடுக்கணும். அதுக்கு ரெண்டு பேரை எழுதினேன். ஒண்ணு, உங்க சேதியை நெட் வழியா என் போனுக்குக் கொண்டுவந்து, நான் எழுதுற பதிலை உங்களுக்குத் தர்றது. இன்னொண்ணு டம்மி. முதல் ஆளை எழுதி முடிக்கிற வரைக்கும் சோதிச்சுப் பாக்க வெச்சேன். என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும். உங்க போன்ல போடும்போது டம்மியை எடுத்துட்டு நிஜத்தை வைக்கணும். ஒரே ஒரு வரி. அதை மாத்தாமலே போட்டுட்டேன். ரெண்டுமே ஒப்பந்தத்துக்கு உட்பட்டதுதானே, ஆப் ஒரு முணுமுணுப்பு கூட இல்லாம ஓடியிருக்கு.

— ‘பத்திரமா இருங்க’ன்னு வந்ததே, அது யாரோட வார்த்தை?

— என்னோடதுதான். ஒரு தடவை எழுதினேன். மூணு வாரமா அது அதையே சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.

— மூணு வாரத்துல உனக்கு ஒண்ணும் வரலையேன்னு நீ கேக்கல.

— ரோஷம். நான் வேலை பாக்குற மூக்குக்கண்ணாடிக் கடையில மத்தியானம் ஆள் வராது. பிரேம் எல்லாம் துடைச்சு வெச்சுட்டு போனையே பாத்துக்கிட்டு நிப்பேன். சரி, இவருக்கு நம்மகிட்ட சொல்ல ஒண்ணுமில்ல போலன்னு நினைச்சுப்பேன். நீங்களே முதல்ல அனுப்பட்டும்னு நானும் அனுப்பல. காலையில நீங்க உள்ள வர்றீங்க, நான் வெளிய போறேன். சாவியை வாங்குறதோட சரி. அதுல எங்க கேக்குறது?

— அது கிடக்கட்டும் விடு. யார் மேலயும் தப்பில்ல.

— தப்பு முழுக்க என் மேலதான். ஆனா இங்க பாருங்க, சரி பண்ணிடலாம். இதோ, வரியை மாத்திட்டேன். இனிமே நீங்க அனுப்புறது எனக்குத்தான் வரும். நீங்க கையெழுத்துப் போட்ட லெட்டரைத் திருப்பி வாங்க முடியுமா?

— நாளைக்கு மத்தியானம் வரைக்கும் முடியும்னு சொன்னாங்க.

— அப்ப நேரம் இருக்கு. உங்க பெரிய டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க. என் பெண்டாட்டி புதுசா படிக்கிறா, எக்குத்தப்பா ஒண்ணு பண்ணிட்டான்னு சொல்லுங்க. சிரிச்சா சிரிக்கட்டும்.

— டீ போடட்டுமா?

— டீ அப்புறம். போனைப் போடுங்க.

— நைட் ஷிப்ட் முடிச்சு வந்து இன்னும் முகம் கூட கழுவல.

— உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நான் சம்பளத்துக்காகப் படிக்கல. நாள் பூரா கடையில நின்னு கால் வீங்குதுன்னும் படிக்கல. இந்த ஆப் எழுதுற வேலை கிடைச்சா வீட்லேர்ந்தே பண்ணலாம், எந்த நேரத்துல வேணும்னாலும் பண்ணலாம். நீங்க முழிச்சிருக்கும்போது நானும் முழிச்சிருக்கலாம். நீங்க படுத்து எழுந்த சூட்டுலதான் நான் தினமும் போய்ப் படுக்குறேன். ஒரே கட்டில், ஆனா மனுஷன் இல்ல. ரெண்டு வருஷம் அந்தச் சூடு கூட இல்லன்னா நான் என்ன செய்வேன்?

— எங்க லேப் தரைக்குக் கீழ, அண்டர்கிரவுண்ட்ல இருக்கு.

— தெரியும். அதுக்கென்ன?

— அங்க சிக்னலே கிடையாது. லிப்ட்ல ஏறி மேல வந்தாத்தான் போனுக்கு உயிர் வரும். நீ ஆப் போட்டுக் குடுத்த ரெண்டாம் நாளே அங்கேர்ந்து ஒண்ணு அனுப்பினேன். அனுப்பின கையோட பதில் வந்துடுச்சு.

— அது நான் இல்லன்னு அன்னிக்கே தெரியுமா?

— தெரியும்.

— அப்புறமும் மூணு வாரம் அதுக்கு எழுதிக்கிட்டே இருந்தீங்களா?

— எழுத சுலபமா இருந்துச்சு. எதிர்க்கேள்வி கேக்காது. முகம் வாடாது.

— கைவலியைச் சொன்னீங்க, பாலைக் கேட்டீங்க, அதெல்லாம் போகட்டும். ஊரை விட்டுப் போற விஷயத்தை ஏன் அதுகிட்ட கேட்டீங்க? நான் இங்கதானே இருந்தேன்?

— உன்கிட்ட கேட்டா நீ போகாதீங்கன்னு சொல்லிடுவ. அது சொல்லாதுன்னு எனக்குத் தெரியும்.