ஆளுக்குப் பாதி டென்ட்

டென்ட் வாங்கும்போது நம் ஆட்கள் முதலில் விலையைப் பார்ப்பார்கள். பிறகு எத்தனை பேர் படுக்கலாம் என்று பார்ப்பார்கள். எடையை யாரும் பார்ப்பதில்லை. காரை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் கிண்டிக் கொடுக்கிற குடும்பங்களுக்கு அது போதும். முதுகில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மலை ஏறுகிறவனுக்கு எடைதான் முதல், விலை அப்புறம். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். லிவர்மோரில் நம் ஆட்கள் யார் எதை வாங்குவதாக இருந்தாலும், மெத்தையோ மினிவேனோ, இந்த சுவாமிநாதனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

என்னைத் தமிழில் பேச விட்டதற்கு நன்றி, ஆபீசர். இங்கே இத்தனை வருடமாக ஆங்கிலத்தில்தான் பிழைக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் ஆபீஸ் மீட்டிங்கில் விளக்கம் கொடுப்பதைப் போல வந்துவிடுகிறது. மொழிபெயர்க்க வந்திருக்கும் பவளம் மேடத்தைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பரவாயில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நானும் கிட்டுசாமியும் ஒரே டென்ட்டோடு மலைக்குப் போனோம். அவன் மேலே பனியில் இறந்து கிடந்தான். டென்ட்டின் மழைத்துணி மட்டும் எப்படி என் காரில் இருந்தது? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த டென்ட்டை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கிட்டுவும் நானும் நியூ ஜெர்சி எடிசனில் ஒரே அபார்ட்மென்ட்டில் தங்கியிருந்தோம். இரண்டு பேருக்கும் அதுதான் அமெரிக்காவில் முதல் வேலை. அவன் கோபிச்செட்டிபாளையம் பக்கம், நான் நங்கநல்லூர். அவனுக்குக் கறி இல்லாமல் சோறு இறங்காது, நான் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டேன். எப்படி ஒட்டியது என்று எங்களுக்கே தெரியாது. அவனுக்கு இங்கே கலிபோர்னியா பே ஏரியாவில் வேலை கிடைத்ததும், "வந்துடு மாப்ள, இங்க வெயில் சூப்பரா இருக்குது" என்று போன் செய்தான். நான் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அவன் லிவர்மோரில் வீடு வாங்கினான். நான் அவனுக்குப் பின்தெருவில் வாங்கினேன். தினமும் ஒரே காரில் மலை தாண்டி வேலைக்குப் போவோம். ஓட்டுவது நான், பேசுவது அவன். "உங்களுக்குக் கல்யாணம் ஆனது என்னோடயா, கிட்டுவோடயா?" என்று என் மனைவி மீனாக்ஷி கேலி செய்வாள்.

ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரர் அவனுக்கு வேட்டையைப் பழக்கிவிட்டார். லைசென்ஸ் எடுத்தான், துப்பாக்கி வாங்கினான், வருடா வருடம் சியர்ரா மலையில் மான் வேட்டைக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். அவன் மான் சுடுவான், நான் தயிர்சாதம் பிசைவேன். பார்க்கிற வேட்டைக்காரர்களெல்லாம் சிரிப்பார்கள். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடிக்கும். அங்கே அவன் மனைவி தாமரைச்செல்வி கிடையாது, பிள்ளைகள் கிடையாது, வேறு நண்பர்கள் கிடையாது. அவன் பேச்சு முழுவதும் எனக்குத்தான்.

போன கோடையில் கோயில் கேன்டீனில் புளியோதரைக்கு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவர் திரும்பி, "கிட்டு டெக்ஸாஸ் போறானாமே? அங்க ஃப்ரிஸ்கோல வீடு புக் பண்ணி ரொம்ப நாளாச்சாமே?" என்று கேட்டார். ஆமாம் என்று சிரித்துத் தலையாட்டினேன். எனக்குத் தெரியவே தெரியாது. ஊருக்கெல்லாம் தெரிந்தது தினமும் பக்கத்து சீட்டில் உட்காருகிறவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காரில் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. சிரித்தான்.

"உங்கிட்டச் சொன்னா நீயும் கிளம்பி வந்துருவ மாப்ள. அதான் சொல்லல."

விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு வலித்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று போகிறான், போய்ப் பார்த்தால்தான் தெரியும், நான் இல்லாமல் இவன் தவித்துப் போவான் என்று அவனுக்காகத்தான் கவலைப்பட்டேன்.

சில வாரம் கழித்து அவனே பேச்செடுத்தான். "போறதுக்கு முன்னாடி கடைசியா ஒருக்கா வேட்டைக்குப் போயிட்டு வந்துரலாம். நம்ம பழைய டென்ட் வேண்டாம், கல்லு மாதிரி கனம். வெயிட் கம்மியா, வெலையும் கம்மியா நீயே ஒண்ணு பாரு."

கடைசியாக என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பார்க்க ஆரம்பித்தேன். இதில் என் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. வேட்டைக்காரனுக்கு எடை இரண்டு மடங்கு முக்கியம், ஆபீசர். மான் கிடைத்துவிட்டால் இறைச்சியையும் முதுகில்தான் இறக்க வேண்டும். போகும்போது மிச்சப்படுத்திய எடை வரும்போது உயிரைக் காப்பாற்றும். தரையில்லாத வெறும் தார்ப்பாயைப் பார்த்தேன். தொங்கு படுக்கையைப் பார்த்தேன், ஆனால் நாங்கள் போகிற உயரத்தில் கட்ட மரம் இருக்காது. கம்பிகளே இல்லாமல், கைத்தடி இரண்டை நட்டு நிறுத்துகிற டென்ட் ஒன்று கிடைத்தது. பெயர் தெரியாத கம்பெனி, நல்ல தையல், பெரிய பிராண்டுகளில் பாதி விலை. உள்ளே வலையும் தரையும் ஒரே துண்டு. அதற்கு மேலே போர்த்த மழைத்துணி தனித்துண்டு.

கிட்டு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை ஆளுக்கு ஒரு சின்ன டென்ட் எடுத்துக்கலாம் மாப்ள. எலி வளைன்னாலும் தனி வளை வேணும். உன் கொறட்டையைத் தாங்க முடியல."

"ரெண்டு சிங்கிள் டென்ட்ட விட ஒரு டபுள் டென்ட் வெயிட் கம்மிடா. நீ பாதி தூக்கு, நான் பாதி தூக்கறேன். காசும் பாதி" என்றேன்.

"சரி, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அப்படித்தான் பிரித்தோம். துப்பாக்கி அவனிடம் இருந்ததால் இலேசான வலையையும் முளைகளையும் அவனுக்குக் கொடுத்தேன். மழைத்துணியையும் கைத்தடிகளையும் நான் எடுத்துக்கொண்டேன். அடுப்பு சமையல்காரனிடம்தானே இருக்கும், அதுவும் என்னிடம். ஆபத்தில் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவியை ஆளுக்கு ஒன்று எடுப்பது வீண் எடை. அதையும் நானே வைத்துக்கொண்டேன். அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்த படுக்கைப் பை வாத்து இறகு. பஞ்சு போல இருக்கும், ஆனால் நனைந்தால் துளிகூடச் சூடு தராது. இதை அவனிடம் சொன்னேன், மறைக்கவில்லை. "டென்ட்டுக்குள்ள எப்பிட்றா நனையும்?" என்று சிரித்தான். சரியான கேள்வி.

வானிலை பார்ப்பதும் என் பொறுப்புதான். அக்டோபர் கடைசியில் சியர்ராவில் வானம் தெளிவாகவும் இருக்கும், இரண்டு மணி நேரத்தில் தலைகீழாகவும் மாறும். கிளம்புகிற அன்று காலையில் கேட்டான். "கிளியர்" என்றேன். சாயங்காலம் மழை, இரவில் கனத்த பனி என்று நான் பார்த்திருந்தேன்.

மேடம், தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். அவசரமில்லை.

மத்தியானம் ஒரு பிரிவில் நின்றோம். அவன் இடது பக்கம் பாறைமேடு ஏறி மான் பார்க்கப் போவதாகவும், நான் நேராக மேல் புல்வெளிக்குப் போய் டென்ட் போட்டு வைப்பதாகவும் ஏற்பாடு. இருட்டுவதற்கு முன் அவன் அங்கே வந்துவிடுவான். "சூடா ரசம் வெச்சிரு மாப்ள" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். பாறைக்குப் பின்னால் அவன் தொப்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்த வழியே கீழே இறங்கினேன்.

நான் அவனைக் கைவிட்டேன் என்று சொல்கிறீர்கள். இருவரும் ஆளுக்குப் பாதி வைத்திருந்தோம், ஆபீசர். அவன் பாதி அவனிடம்தான் இருந்தது. வலை கொசுவுக்கு நல்லது, பனிக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு ஒன்று புரிய வேண்டியிருந்தது. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் கூரை. அதை வாயால் சொன்னால் அவன் சிரிப்பான்.

பாதி வழி இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் மேலேயிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மூன்று முறை, விட்டு விட்டு. முதல் நாள் உங்களிடம் மான் சுட்டிருப்பான் என்று நினைத்ததாகச் சொன்னேன். அது பொய். மானுக்கு யாரும் எண்ணி எண்ணிச் சுட மாட்டார்கள். யாராவது வழி தவறினால் மூன்று முறை சுடுவது எங்கள் வழக்கம். அவன் புல்வெளிக்கு வந்திருக்கிறான், டென்ட் இல்லை, நான் இல்லை. நான் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, சத்தம் கேட்டு வரட்டும் என்று எனக்காகச் சுட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. நான் ஒரு பாறை ஓரமாக நின்று கேட்டேன். அவன் என்னைக் கூப்பிடுகிறான். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். தொடர்ந்து இறங்கினேன். கடைசியாகச் சுட்டபோது நான் காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தேன், சத்தம் சரியாகக் கேட்கவில்லை.

பவளம் மேடம் நிறுத்திவிட்டார். அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள் மேடம், ஒரு வார்த்தையும் விடவேண்டாம்.

மறுநாள் தேட வந்தவர்களிடம் மேல் புல்வெளியைச் சொல்லாமல் கிழக்குப் பள்ளத்தாக்கைக் காட்டியதும் நான்தான். அவன் அந்தப் பக்கம் போவதாகச் சொன்னான் என்றேன். பனியில் ஹெலிகாப்டர் ஏற முடியவில்லை, நாய்களை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். அதற்காக வருத்தப்படுகிறேன். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மழைத்துணியை ஏன் தூக்கி எறியவில்லை என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். ஒரு தடவைகூட விரிக்காத புதுத் துணி, ஆபீசர். எப்படி மனசு வரும்?

பணத்தகராறா என்று கேட்டீர்கள். இல்லை. தாமரைச்செல்விமேல் எனக்கு ஆசை என்று உங்கள் கூட்டாளி சொன்னார். அசிங்கமான பேச்சு, அவர் திருத்திக்கொள்ள வேண்டும். அவள் எனக்குத் தங்கை மாதிரி. சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககூடப் போனா பயமே இல்லன்னு சொல்லிட்டே இருப்பாருங்ணா" என்று அழுதாள். அவளுக்கு எல்லாம் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். ஃப்ரிஸ்கோ வீட்டுப் பதிவை ரத்து செய்ததும் நான்தான். அறியாத ஊரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதற்கு அலைய வேண்டும்? அவன் மகள் கயலுக்கு இங்கேயே ஸ்கூல், இங்கேயே டான்ஸ் கிளாஸ். எங்கள் முன்தெருவிலேயே இருக்கிறார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். அந்த டென்ட்டை எடுத்ததே இதற்காகத்தான். இரண்டாகப் பிரிகிற டென்ட்டாகத் தேடித் தேடி எடுத்தேன். பனி வரும் என்று தெரிந்துதான் தேதி குறித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதும்போது, அவன் கிடந்த இடத்தை நீங்களே எனக்குச் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். மீட்புக்குழுவினர் பனியைத் தோண்டியபோது அந்த வலையின் நான்கு மூலையும் முளையடித்து இழுத்துக் கட்டியிருந்தது என்றீர்கள். மழைத்துணி வந்தால் உடனே போர்த்துவதற்குத் தயாராக வைத்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் அதைப் பிடுங்கி உடம்பைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடியிருப்பார்கள். அவன் தன் பக்கத்தில் மட்டும் சுருண்டு படுத்திருக்கிறான். என் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

டெக்ஸாஸுக்குத் தனியாகப் போகிறேன் என்றவன். நான் இல்லாமல் அவனால் இருக்க முடியாது என்று நான் மீனாக்ஷியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. நீங்களே பார்த்தீர்களே ஆபீசர், ஒரு ராத்திரிகூட அவனால் இருக்க முடியவில்லை.