தோள் வரைக்கும்

இல்லம்மா, தண்ணி தெளிக்காத. காய்ஞ்ச முடியாவே வெட்டு. ஈரத்துல வெட்டுனா காய்ஞ்சதும் ஒரு விரக்கடை மேல ஏறிடும்னு நீதான எனக்குச் சொல்லுவ. இன்னிக்கு மேலயும் ஏறக்கூடாது, கீழயும் எறங்கக்கூடாது. கதவச் சாத்திட்டியா? தாழ்ப்பாளும் போட்டுரு. திரைய விலக்காத. வெளியில இருக்கறவனுங்க மரத்து மேல ஏறி உக்காந்துருக்கானுங்க, கேமராவும் கையுமா. நேத்து ஒருத்தன் பால் வண்டிக்குள்ள ஒளிஞ்சு காம்பவுண்டுக்குள்ள வந்துட்டான். மந்திரி பொண்டாட்டி பல்லு வெளக்கறதப் படம் புடிச்சு என்ன பண்ணப்போறானோ, அவனுக்கே வெளிச்சம்.

தெரியும், தெரியும். இடுப்புக்குக் கீழ தொங்கற முடி, வெட்ட மனசு வரல உனக்கு. எனக்கு மட்டும் வருதா? மொதல்ல பின்னு. நல்லா இறுக்கிப் பின்னு. பின்னல அப்படியே முழுசா வெட்டி எடுக்கணும், ஒரு முடிகூட சிதறக்கூடாது. எங்க கட்சிச் செயலாளர் அதத் தனியாக் கேட்டிருக்காரு. எதுக்குன்னு சொல்றேன், அவசரப்படாத. வெட்டறதுக்கு ஆள் அனுப்பறேன்னு அவருதான் சொன்னாரு. வேண்டாங்க, மாசாமாசம் வந்து சாயம் போட்டுவிடற நம்ம பொண்ணே வரட்டும்னு நான்தான் சொன்னேன். ஆளு அனுப்பி உன்னக் கூப்பிட்டதும் அதுக்குத்தான்.

வீடியோவ நீ பாத்தியா? பாக்கலயா... சரி. அப்ப இந்த ஊர்லயே பாக்காத ஆளு நீ ஒருத்தியாத்தான் இருப்ப. எங்க தோட்டக்காரர்ல இருந்து எங்க பொண்ணோட காலேஜ் பிரின்சிபால் வரைக்கும் பாத்தாச்சு. பாத்துட்டு எல்லாரும் ஒரே பாட்டுதான், முழுசாப் பாக்கல, கொஞ்சம் பாத்தோம், மனசு கேக்கல, நிறுத்திட்டோம்னு. நிறுத்திட்டவங்களுக்கு கடைசில கரண்டு போயி ஃபேன் நிக்கறது எப்படித் தெரிஞ்சுதோ.

நானும் பாத்தேன். பாக்காம என்ன? கட்டுன புருஷன் ஆச்சே. ஏதோ கெஸ்ட் ஹவுஸ் ரூம். கண்ணாடியில அவரு மூஞ்சி பளிச்சுன்னு விழுது, இல்லன்னு சாதிக்கவே முடியாது. அந்தப் பொம்பள மூஞ்சி ஒரு எடத்துலயும் இல்ல. முதுகுதான். தோள் வரைக்கும் முடி. அவ்வளவுதான். அந்த ஒரு முதுக வெச்சுக்கிட்டு நாடே கூத்தாடுது.

டிவி போட்டா தெனமும் இதே விவாதந்தான். நாலு பேர உக்கார வெச்சு, தலைவனோட படுக்கையறைய மக்கள் எட்டிப் பாக்கலாமா கூடாதான்னு. ஒருத்தர் சொல்றாரு, ஆளுறவனுக்கு அந்தரங்கமே கெடையாதுன்னு. இன்னொருத்தர் மேசையத் தட்டறாரு, ஆஸ்பத்திரி கட்டுனானா, தண்ணி குடுத்தானா, அதக் கேளு, போர்வைக்குள்ள உனக்கென்ன வேலைன்னு. பின்னால அந்த வீடியோ ஓடிக்கிட்டே இருக்கு. பாக்கக்கூடாதுன்னு சொல்றவரு பேசும்போதும் ஓடுது. அவரே ஒருக்கா திரும்பி ஒரு பார்வ பாத்துக்கறாரு.

என்னக் கேட்டா, கேள்வி கேக்க வேண்டியவ நான். என் வீட்டு அடுப்பு, என் வீட்டுப் புகை, ஊருக்கு என்னத்துக்குக் கண்ணு எரியுது? அப்படித்தான் மொதல்ல நெனச்சேன். ஆனா அத வாய்விட்டுச் சொல்ல முடியலம்மா. போன எலெக்ஷன்ல இவர எதுத்து ஒரு வாத்தியார் நின்னாரே, ஞாபகம் இருக்கா? பாவம், அவரு சம்சாரம் வேற ஒருத்தரோட போயிட்டாங்க. இவரு மேடை மேடையா அதத்தான் பேசுனாரு. வீட்டக் கட்டி ஆளத் தெரியாதவன் நாட்ட எப்படிய்யா ஆளுவான்னு. சனம் விசிலடிச்சுச்சு. ரோடு போட்டதுக்காக எவனும் இவருக்கு ஓட்டுப் போடல, அந்த ஒத்த வரிக்குத்தான் போட்டான். அடுத்தவன் பொண்டாட்டி படுக்கைய ஊருக்கே விரிச்சுக் காட்டுனவரு, இன்னிக்கு என் படுக்கைய ஏன்யா பாக்கறீங்கன்னு எந்த வாயால கேப்பாரு? ஊருக்குத்தான் உபதேசமா? அதனால அவர விசாரிக்கட்டும்னு விட்டுட்டேன். கிழிச்சுத் தொங்க விடட்டும். எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வராது.

ஆனா அவர எவன் விசாரிக்கறான்? இந்த வயசுலயும் மனுஷனுக்குத் தெம்பப் பாருடான்னு டீக்கடையில சிரிக்கறானுங்க. தேடறது பூரா அவளத்தான். யாரு அவ, யாரு அவ, இதே பேச்சு. முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியறது சேலைதான்னு சும்மாவா சொன்னாங்க.

ஆ... மெதுவா. இழுக்கற நீ. என்ன, பின்னுனதையே திரும்பத் திரும்ப அவுக்கற? காய்ச்சல் இன்னும் விடலயா? போன தடவ வராதப்பவே நெனச்சேன். உக்காந்து வேணா பின்னு, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்க.

அவரு ஆபீஸ்ல மனு வாங்கற பொண்ணத் தெரியுமில்ல? ஜன்னல்கிட்ட உக்காந்து, வர்றவங்க மனுவ வாங்கி முத்திரை குத்திக் குடுக்குமே, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. உன் கடை லைசென்சுக்கு நீ போனப்பகூட அதுகிட்டதான் குடுத்துருப்ப. அதுக்கும் தோள் வரைக்கும் முடி. அது செஞ்ச பாவம் அவ்வளவுதான். ஏதோ ஆபீஸ் விழாவுல எடுத்த ஃபோட்டோவுல அது திரும்பி நின்னுட்டு இருந்துச்சு. எவனோ அத வீடியோவுக்குப் பக்கத்துல ஒட்டி, செவப்பு வட்டம் போட்டு விட்டுட்டான். ஒரே நாள்ல எல்லாம் போச்சு. கல்யாணம் பேசி முடிச்சிருந்தவங்க ஃபோன எடுக்கல. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. அவங்கப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட் குடுக்கும்போது ஒரு நாய் கேட்டுச்சாம், உன் பொண்ணுக்கு என்ன ரேட்டுன்னு. அன்னிக்கே அது வீட்ல இருந்த மாத்திரை அத்தனையும் முழுங்கிடுச்சு.

இல்ல, இருக்கு. உசுரு இருக்கு. மெஷின்தான் மூச்சு விடுது. நான் போனேனே. முக்காடு போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி பின்வாசல் வழியா. அவங்கம்மா ஐசியூ வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்துருந்தாங்க. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேப்பாங்கன்னு நெனச்சுத்தான் போனேன். கேக்கல. கையப் புடிச்சுக்கிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா, எங்க பொண்ணு இல்லன்னு, அதத்தாம்மா அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு, மந்திரி சொல்லிடுவாரும்மா, சொல்லிடுவாரும்மான்னு டிவியவே பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா அவருகிட்ட கேட்டேன். சொல்லுங்க, அந்தப் பொண்ணு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்கன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? சட்டப் பட்டனப் போட்டுக்கிட்டே சொல்றாரு, இந்தப் பொண்ணு இல்லன்னு சொன்னா அப்ப எந்தப் பொண்ணுன்னு கேப்பாங்கடின்னு. கேட்டுக்கிட்டியா? எவ்வளவு புத்திசாலி பாரு. அடிச்சுட்டேன். ஆமா, கன்னத்துல. அந்த வீடியோவப் பாத்த அன்னிக்குகூட நான் கை ஓங்கல. அன்னிக்கு அழுதேன், சாப்பிடல, அவ்வளவுதான். இதுக்கு அடிச்சேன். கை இன்னும் வலிக்குது.

அப்புறந்தான் செயலாளர் வந்தாரு, வக்கீலக் கூட்டிக்கிட்டு. அந்தப் பெரிய மனுஷன் சிரிச்சா யாருக்கோ சனி புடிச்சிருக்குன்னு அர்த்தம். சிரிச்சுக்கிட்டேதான் வந்தாரு. அம்மா, ஒரு வழி இருக்கு, வீடியோவுல இருக்கறது நான்தான்னு நீங்களே சொல்லிடுங்கன்னாரு. புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருந்தது குத்தமா? ஒளிஞ்சிருந்து எடுத்தவன்தான் குத்தவாளி, பாத்தவனெல்லாம் தலையத் தொங்கப் போடணும், கேஸ் முடிஞ்சு போச்சு, அடுத்த எலெக்ஷனும் நமக்குத்தான்னு கையத் தேய்க்கறாரு.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. ஏங்க, என் பின்னல இந்த நாடே பாத்துருக்கே, அத எங்க ஒளிப்பீங்கன்னேன். அதுக்கும் யோசிச்சு வெச்சிருக்காரு. அது சவுரின்னு சொல்லிடலாம்மா, சொந்த முடி குட்டைதான், மேடைக்கு மட்டும் வெச்சுக்கறதுன்னு சொல்லி, வெட்டுன பின்னலக் கையில தூக்கிக் காட்டிடலாம்னாரு. பாத்தியா? இத்தன வருஷம் எண்ணெய் வெச்சு வளத்த முடி பொய்யாம். எவளோ ஒருத்தியோட முதுகு என் முதுகாம். அதுக்குத்தான் இந்தப் பின்னல். அந்த ரப்பர் பேண்ட மேலயும் ஒண்ணு போடு, அவுந்துடப் போகுது.

அவருக்காக ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காத. அவரு பதவிக்கு ஒத்த மயிரு குடுக்க மாட்டேன் நான். அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சா, முழிக்கும்போது தன்ன எவனும் தேடலன்னு அதுக்குத் தெரியணும். அத சொல்றதுக்கு வேற வழி எனக்குக் கெடைக்கல. உண்மையச் சொல்லலாமேன்னு நீ நெனைக்கலாம். சொன்னா என்ன ஆவும்? இந்தக் கூட்டம் அப்படியே கெளம்பி இன்னொருத்தி வாசலுக்குப் போவும். என் வாசல்ல போலீஸ் நிக்குது, கேட் இருக்கு, நாய் இருக்கு. அவ வாசல்ல யாரு நிப்பா?

எங்க பொண்ணுகிட்டதான் சொல்ல முடியல. சொல்லித்தான ஆவணும், சொன்னேன். கையில இருந்த ஃபோனக் கவுத்து வெச்சுட்டா. அப்புறம் கேட்டா, அம்மா, என்கூடப் படிக்கறவங்க எல்லாரு ஃபோன்லயும் அது இருக்கு, இனிமே அதப் பாக்கும்போதெல்லாம் அவங்க உன்னத்தான பாப்பாங்கன்னு. என்ன சொல்லுவ அதுக்கு? ஆமாடின்னேன். எந்திரிச்சுப் போயிக் கதவச் சாத்திக்கிட்டா. பெத்தவ உடம்ப ஊருக்குத் தூக்கிக் குடுத்தா எந்தப் பொண்ணு தாங்கும்?

நேத்து பூரா வக்கீல் எனக்குப் பாடம் நடத்துனாரு. பக்கத்துல உக்கார வெச்சு, அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்திக் காட்டறாரு. பத்திரிகைக்காரன் கேப்பானாம், போர்வை என்ன நெறம், லைட் எந்தப் பக்கம், மொதல்ல எந்திரிச்சது யாருன்னு. பரிச்சைக்குப் படிக்கற மாதிரி மனப்பாடம் பண்ணேன். அந்த மனுஷனும் நானும், ஒரே சோபாவுல, அந்த வீடியோவ. இதுக்கு மேல என்னடி அசிங்கம் வேணும் ஒரு பொம்பளைக்கு? அவரு சும்மா கடமைக்குப் பாக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டாரு. சாயங்காலம் பேட்டி. எங்க வீட்டுக்காரரு என் பக்கத்துல உக்காருவாரு. கையப் புடிச்சுக்கணுமாம் ரெண்டு பேரும்.

ம், போதும் பின்னுனது. கத்திரிய எடு. எங்க வெட்டணும்னு என்னக் கேக்கறியே. உன் முடி எங்க நிக்குதோ அங்க வெட்டு.

ஏன் கத்திரியக் கீழ வெச்சுட்ட? எடு. எடுன்னா. கால்லயெல்லாம் விழாத, எந்திரி. எந்திரிச்சு நில்லு. எனக்குக் குனிஞ்சு தூக்கற தெம்பில்ல. அழறதுன்னா வீட்டுக்குப் போயி அழு. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத, அதுக்கெல்லாம் எனக்கு மனசு இல்ல. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நீயும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்த. இன்னிக்கோட இந்த வீட்டுப் பக்கம் வராத. அக்கான்னும் கூப்பிடாத. இல்ல, அவரு சொல்லல. அவரு சொல்லுவாரா? செயலாளருக்கும் தெரியாது. நீ உன் கடையத் தொறந்து வெச்சுக்கிட்டு உன் பொழப்பப் பாரு.

எப்படித் தெரியும்னா, நாடே அந்த முடியத்தான் அளந்துச்சு. வக்கீல் அந்த எடத்துல நிறுத்தும்போதுதான் நான் கையப் பாத்தேன். எந்திரிக்கும்போது அவ முடிய ஒத்தக் கையில அள்ளி, ஒரு சுத்து சுத்தி, சீப்போட கூரான வால அதுல செருகி நிறுத்தறா. வீட்ல இருக்கற பொம்பளைங்க நாங்க அப்படி செய்ய மாட்டோம், கொண்டை ஊசியத்தான் தேடுவோம். சாயம் கலக்கறதுக்கு முன்னாடி நீ அதத்தான் செய்வ, மாசாமாசம் இந்தக் கண்ணாடியில நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்.

சரி, வெட்டு. காலையில இருந்து நானும் அதச் செஞ்சு செஞ்சு பாக்கறேன், வரவே மாட்டேங்குது, சீப்பு வழுக்கி வழுக்கி விழுது. நீளம் கொறைஞ்சா நிக்குமோ என்னவோ. வெட்டி முடிச்சதும் எப்படின்னு எனக்கு ஒருக்கா காட்டிக் குடுத்துட்டுப் போ. சாயங்காலம் பத்திரிகைக்காரங்க முன்னாடி நான் அதச் செஞ்சு காட்டணும்.