நாலாம் நம்பர்ல வெச்சாலும் காத்து வரல

ஹலோ... மச்சானா?... நான்தான்... நான்தான் மச்சான், உங்க தங்கச்சி வீட்டுக்காரர்... சரி, முன்னாள் வீட்டுக்காரர்... ஐயோ வெச்சுடாதீங்க! சண்டைக்கு வரல. வண்டி விஷயம். உங்கள மெக்கானிக்கா நெனச்சுத்தான் கூப்பிட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லன்னு சொல்லுவாங்கல்ல...

ம்... வீட்டுப் பின்னாடி ஷெட்லயா இருக்கீங்க?... கையெல்லாம் கிரீஸா? பரவால்ல, அப்படியே பேசுங்க. குரல் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, ஆனா கேக்குது.

காத்து வரல மச்சான்... டயர்ல இல்ல! உள்ள. ஏசி துவாரத்துல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எல்லா நம்பர்லயும் வெச்சுப் பாத்துட்டேன். மூக்கு கிட்ட வெச்சாக்கூட ஒண்ணும் இல்ல.

இப்ப மணி ஒம்பதரை. பதினோரு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்து குட்டியக் கூட்டிட்டுப் போகணும். மாசத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு, உங்களுக்கே தெரியும். போன தடவை அவ அடம்பிடிச்சாளேன்னு ஜன்னலத் தொறந்து விட்டேன், தூசிக்கு இழுப்பு வந்துடுச்சு. "ஜன்னல் மூடியிருந்தா அனுப்புறேன், இல்லன்னா இல்ல"ன்னு உங்க தங்கச்சி கறாரா சொல்லிட்டா. இந்த வெயில்ல காத்து இல்லாம ஜன்னல மூடினா புள்ள அவிஞ்சு போயிடும்.

சத்தமா?... இல்ல, ஃபேன் சத்தமே இல்ல... ஓ. சத்தம் இருந்தா ஃபில்டர் அடைப்பு, சத்தமே இல்லன்னா மோட்டார் பக்கமா... ஆமா, ஆமா, சொல்லுங்க.

ஃபியூஸ்... ஸ்டியரிங்குக்குக் கீழ... இருங்க, குனியுறேன்... அம்மாடி, இடுப்பு! எனக்கே ஒரு மெக்கானிக் வேணும் போல... ம், மூடியத் தொறந்துட்டேன். ஃபேன் படம் போட்டது... கெடைச்சுது. புடுங்கிட்டேன். வெளிச்சத்துல பாக்குறேன்... உள்ள கம்பி அறுந்து போகல. முழுசா இருக்கு... சரி, திரும்ப சொருகிட்டேன். இல்ல, ஓடல.

முன் சீட்டுக்கு எதிர்ல இருக்கிற டப்பாவக் கழட்டணுமா?... கழட்ட வேணாம், அதுக்குக் கீழ. காலு வைக்கிற எடத்துல... உருண்டையா ஒண்ணு தெரியுது, அதான் மோட்டாரா? ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டணும்... மெதுவாவா, பலமாவா?... கதவு தட்டுற மாதிரி. சரி.

...

ஓடுது! மச்சான், ஓடுது! கேக்குதா உங்களுக்கு? மூஞ்சில அடிக்குது! நீங்க நல்லா இருக்கணும் மச்சான்...

என்னது?... மோட்டாருக்குள்ள இருக்கிற பிரஷ் தேஞ்சிருக்கா?... அதெப்படி, ரெண்டு வருஷ வண்டி... ஆமா, ஆபீசுக்கு இருபது நிமிஷம், திரும்ப இருபது நிமிஷம், அவ்வளவுதான்... வேற யாருக்கும் குடுக்கல... ம்... இவ்வளவு தேயணும்னா மணிக்கணக்கா ஓடியிருக்கணுமா...

சும்மாதான் மச்சான்... இல்ல, சவாரி எல்லாம் ஓட்டல... அட, உங்ககிட்ட முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியுமா.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, கீழ வண்டிய நிறுத்திட்டு, மேல வீட்டுக்குப் போக மாட்டேன். அங்கேயே ஒக்காந்திருப்பேன். ஃபேன நாலாம் நம்பர்ல வெச்சுட்டு... ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்... குளிருக்காக இல்ல. சத்தத்துக்காக. மேல கதவத் தொறந்தா ஒரே அமைதி மச்சான். எம் மூச்சு எனக்கே கேக்குது. டிவிய போட்டா அதுல எல்லாரும் குடும்பமா சிரிக்கிறாங்க, பொறுக்க மாட்டேங்குது. ஃபேனுன்னா அதுபாட்டுக்கு ஓடும், நானும் இருப்பேன். பார்சல் ஆபீஸ்ல நாள் முழுக்க நான் பேசுறதே "கையெழுத்துப் போடுங்க"ங்கிற ஒரே பேச்சுதான்.

சிரிக்காதீங்க... சிரிக்கலையா. சரி.

இப்ப சொல்லுங்க, இன்னிக்கு ஒரு நாள் தாங்குமா?... தாங்கலாம், தாங்காமலும் போகலாம்... நடு ரோட்டுல நின்னுட்டா?... ம்... தட்டினா ஓடும், தட்டினாலும் ஓடாமப் போகலாம்...

...

வேணாம் மச்சான். குட்டிய அனுப்ப வேணாம். உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, வண்டி சரியில்லன்னு. நான் சொன்னா சாக்குன்னு நெனப்பா... இல்ல, பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போய், நடு வழியில புள்ள மூச்சுக்குத் தவிச்சா? அந்த ஞாயிறு எனக்கு வேணாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம். முப்பது நாளுதானே... இல்ல, அஞ்சு ஞாயிறு, முப்பத்தஞ்சு நாளு.

என்ன?... யாரு அது?... யாரோ மூக்க உறிஞ்சுற மாதிரி...

ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க?! மச்சான்! எப்போல இருந்து?... கிரீஸ் கைன்னு... மொதல்ல இருந்தேவா?... பக்கத்துல யாரு, அவளா நிக்கிறா?... ஃபேன் விஷயமும் கேட்டாளா?... கடவுளே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மச்சான்!

...

ஹலோ... ம், நான்தான்... சாப்பிட்டேன்... இல்ல, சாப்பிடல... ஆமா, நெஜம்தான். தினமுமா?... அனேகமா தினமும்... உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னுதான்...

ஆ? குட்டிய அவ மாமாவோட அனுப்புறியா? அவரு வண்டியிலயா?... இங்கயேவா?... புது மோட்டாரும் எடுத்துட்டு வர்றாரா... அவரு இங்க மாட்டி முடிக்கிற வரைக்கும் குட்டி மேல என்கூட... சரி, சரி. வீட்டத் தூசு தட்டி வெக்கிறேன். இன்ஹேலர் குடுத்தனுப்பு. சாயங்காலம் அவரோடயே திருப்பி அனுப்பிடுறேன்.

ரொம்ப... சரி, நன்றியெல்லாம் சொல்லல.

நீ... நீயும் ஒரு எட்டு... இல்ல இல்ல. கேக்கல. கேக்கவே இல்ல, விடு.

...

இருக்கியா?... ம். பேச வேணாம். ஒண்ணும் பேச வேணாம். ஷெட்ல நீ நடக்கிற சத்தம் கேக்குது, அதுவே போதும். வெச்சுடாத, ஒரே ஒரு நிமிஷம் அப்படியே...

ஹலோ?

ஹலோ...