முதல் தட்டு தங்களுக்கே

மகப்பேறு மருத்துவமனையின் உணவு ஆலோசகராகக் கால் நூற்றாண்டுக்கும் மேல் கடமையாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் 'சாப்பாட்டு அக்கா' அவர்களுக்கு, அன்பால் எழுதி அவையில் வாசித்தளித்த மடல்.

கனிவும் கண்டிப்பும் கைகோத்த கருணையே! அளவறிந்து அறிவுரை சொல்லி அன்னையரைக் காத்த அக்காவே! வணக்கம்!

தாங்கள் பணியேற்ற நாளில் எடை இயந்திரம் நடைகூடத்தில் கிடந்தது. ஏறி நிற்பவரின் எடையை நாங்கள் உரக்கப் படிப்போம். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். வந்த வாரமே அதைத் தங்கள் அறைக்குள் இழுத்துப் போய்த் திரை போட்டீர்கள். "எடை அவங்க விஷயம், ஊர் விஷயம் இல்ல" என்றீர்கள்.

எடை கூடுகிறதே என்று அஞ்சிப் பட்டினி கிடந்தவரிடம், "இது மெலியற நேரம் இல்லம்மா" என்று கீரை, பயறு, முட்டையின் பெருமை பேசினீர்கள். இருவருக்காக உண்ண வேண்டுமென்று இனிப்பை அள்ளி வந்த கணவரிடம், "உள்ள இருக்கறது குழந்தை, இன்னொரு மாப்பிள்ளை இல்ல" என்றீர்கள். அறையே சிரித்தது. இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.

அந்தத் தையற்காரப் பெண்ணை மறக்க முடியுமா? வயிற்றுப் பிள்ளை போதிய அளவு வளரவில்லை என்று மருத்துவர் கவலைப்பட்டார். பெண்ணின் எடையோ ஏறிக்கொண்டே வந்தது. நாங்கள் கைதட்டினோம். தாங்கள் மட்டும் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தீர்கள்; திரையை இழுத்துவிட்டு மெல்லக் கேட்டீர்கள். இடுப்பிலிருந்து துணி வெட்டும் கத்தரிக்கோல் வெளியே வந்தது, பின்னாலேயே ஒரு பெரிய பூட்டும் வந்தது! "எல்லாரும் சாப்பிட்டு மீந்ததுதான் எனக்கு. எடை ஏறலேன்னா அத்தையைத் திட்டுவீங்களேக்கா" என்று அழுதார் அவர்.

மறுநாள் மாமியார் வந்தார். வாங்கு வாங்கென்று வாங்க நாங்கள் காத்திருந்தோம். தாங்களோ நாற்காலி போட்டு அமர வைத்து, "முதல் தட்டு இவளுக்கு வைங்கம்மா" என்றீர்கள். "எனக்கு யாரும் முதல்ல வெச்சதில்லையே" என்று உடைந்தார் அந்த அம்மா. "அப்ப ரெண்டு தட்டா வைங்க. நீங்களும் கூட உக்காருங்க." அவ்வளவுதான் தாங்கள் சொன்னது. பிள்ளை நல்ல எடையோடு பிறந்தது, கத்தரிக்கோலின் உதவியின்றியே! இன்று இந்த மேசை விரிப்பைத் தைத்துத் தந்தவர் அந்தத் தாய்தான்.

ஆனால், அக்கா, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த தாங்கள் உண்டது எப்போது? கடைசித் தாயும் வீடு திரும்பிய பிறகு, ஆறிப்போன சோற்றை ஜன்னலோரம் நின்றபடி! "சாப்பிட்டீங்களா?" என்றால், "ஆச்சு, ஆச்சு" என்று ஒரு பொய். திரைக்குப் பின்னால் எல்லோருடைய பொய்யையும் கண்டுபிடித்தவரே, தங்கள் பொய்யை நாங்களும் அறிவோம்.

நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் நிறைவாக வாழ்க! நேரத்துக்கு உண்டு வாழ்க! இம்மடல் முடிந்ததும் பந்தி. பரிமாறத் தாங்கள் எழக் கூடாது. முதல் தட்டு தங்கள் முன்னால் இருக்கிறது. தாங்கள் ஒரு வாய் உண்ணும்வரை நாங்கள் எவரும் எங்கள் தட்டில் கை வைக்க மாட்டோம்.

சீக்கிரம் சாப்பிடுங்கள் அக்கா. எங்களுக்குப் பசிக்கிறது.

இவண்,
திரைக்கு இப்புறம் நின்று தங்களிடம் கற்ற
மருத்துவர்கள், செவிலியர்கள், சமையற்கூடத்தார், துப்புரவுப் பணியாளர்கள்