சாமிக்குச் செய்த வட்டிலப்பம்

"முட்டை போடாத வட்டிலப்பத்துலதான்க்கா அவரு மாட்டுனாரு."

பண்டாரவளையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்தவள் சொன்னாள். அவள் மடியில் அந்த இனிப்புக்கு வேண்டிய கித்துள் கருப்பட்டிப் பொட்டலம். பக்கத்தில் அவளைவிட மூத்த ஒருத்தி. நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

"யாரு, ஒன் வீட்டுக்காரரா? அவரு ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்காருல்ல?"

"ஆமாக்கா, ஒரு மாசமாச்சு. முட்டை, கடைச்சாப்பாடு எதையும் தொடக்கூடாது. பண்டாரவளைக் கடை வட்டிலப்பம்னா அவருக்கு உசிரு. பாவமேன்னு முட்டைக்குப் பதிலா கடல்பாசி போட்டு நானே செஞ்சு குடுத்தேன்."

"நல்லா வந்துச்சா?"

"தின்னுட்டு, 'எல்லாம் சரி, கடையில மேல கஜுப்பருப்பு வறுத்துப் போடுவாங்களே'ன்னாரு. நாங்க சேந்து போனப்பல்லாம் கஜுவே இருந்ததில்லக்கா. இன்னைக்குக் கடைக்கே போயி கடைக்கார நானாகிட்ட கேட்டேன். ரெண்டு வாரமாத்தான் போடுறாங்களாம்."

"யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

"'மொறுமொறுன்னு பல்லுல படும்'னாருக்கா. அது அடுத்தவன் சொன்னதா?"

பஸ் தெமோதரையைத் தாண்டியதும் மூத்தவள் அவள் பக்கம் சாய்ந்தாள்.

"அவர்கிட்ட கேட்டியா?"

"மாலையோட இருக்கிறவர எப்படிக்கா கேக்கிறது? சண்டை போடக்கூடாது. சாமின்னுதான் கூப்புடணும். கழட்டட்டும், பேசிக்கிறேன்."

ஹாலிஎலையில் அவள் போன் அடித்தது.

"வந்துகிட்டே இருக்கேன் சாமி. கருப்பட்டி வாங்கிட்டேன் சாமி." அவள் குரல் அத்தனை பணிவாக இருந்தது. "கஜுவும் வாங்கியிருக்கேன் சாமி. பல்லுல படுற மாதிரியே வறுத்துத் தாரேன்."