மாக்கஸ் எந்த ஊர்?

எட்டு ஆண்டுகளுக்கு முன், பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவனைக் கள்ளன் என்று நாங்கள் எழுதி வைத்தோம். அந்த எழுத்து இன்றும் எங்கள் செயற்குழுவின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. இன்று மாலை அதே பிள்ளைக்கு 'மண்ணின் மைந்தர்' என்று விருது வழங்கப் போகிறோம்.

குற்றத்தை முதலிலும் வணக்கத்தை இரண்டாவதாகவும் வைத்ததற்குச் சபை என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முறை தெரியாமல் செய்யவில்லை.

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊர்க் கழகங்களின் ஒன்றியத் தலைவர், மதிப்புக்குரிய சீமோன் அவர்களே! ஒன்றியத்தின் செயலாளர், தம்பி ராகுலன் அவர்களே! முரல்துறைக் கழகத்தவரே, பூவரசங்கரைக் கழகத்தவரே! முதுகுவலியையும் முழங்கால்வலியையும் வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் சப்பாத்துச் சேற்றைக் கழுவியே பல கோடைகாலங்களைக் கழித்த தாய்மார்களே! மகனுக்குப் பதிலாக விருதை வாங்குவதற்கு இங்கிலாந்திலிருந்து வந்து, மூன்றாம் வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் சகோதரி றோசலின் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் குஞ்சித்தம்பியின் வணக்கம்.

எனக்குத் தரப்பட்டது ஐந்து நிமிடம். தலைப்பு, 'அந்தக்கால நினைவுகள்'. நல்லது. நினைவுகளையே பேசுகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, ஊர்க் கழகங்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்த அந்த ஓகஸ்ட் மாதங்கள்? இங்கே ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த அந்த மைதானம் நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் மின்கம்பிக் கோபுரம், மறுபக்கம் பேருந்துத் தரிப்பு. கோல் கம்பத்துக்கு வலை கட்டுவதற்கு ஏணி கிடையாது. ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நிற்பார். குளிர்பெட்டிக்குள் தோடம்பழம், அதன் மேல் ஈரத்துவாய், அதன் மேல் யாருடையதோ கைக்குழந்தையின் பால்போத்தல். கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துச் சுடச்சுட மீன் ரோல்ஸ் விற்பார்கள். ஒரு கோல் விழுந்தால் அடுக்குமாடியின் பதினோராம் மாடியிலிருந்து யாரோ ஒருவர் சட்டியில் தட்டுவார். அவர் யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. எந்த ஊருக்காகத் தட்டினார் என்றும் தெரியாது. இப்போது யோசிக்கையில், அந்த மைதானத்தில் ஊர் பார்க்காமல் மகிழ்ந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இலங்கையில் நான் கிழக்கு மாகாணத்தான். முரல்துறையும் இல்லை, பூவரசங்கரையும் இல்லை. அதனால்தான் வீரர்களைப் பதிவு செய்யும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நடுநிலையான ஆள் என்றார்கள். பிறம்ரனில் பண்டகசாலை வேலை. சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துப் புத்தகத்தையும் அகராதியையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு உதைபந்தாட்ட விதிகளைச் சொல் சொல்லாகப் படித்தவன் நான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே நான் பிழைவிட்டால் பழியும் என்னுடையதே.

அந்த ஓகஸ்டில்தான் மாக்கஸ் வந்தான்.

இங்கிலாந்தில் பிறந்தவன். ஒன்பது வயதில் அந்நாட்டின் பெரிய கழகம் ஒன்றின் இளையோர் பயிற்சிக்கூடத்துக்குத் தெரிவானவன். வாரத்தில் நான்கு நாள், பாடசாலை முடிந்ததும் தந்தை அலெக்ஸாண்டர், தான் ஓட்டும் பேருந்தை நிறுத்திவிட்டுச் சொந்தக் காரில் ஏறி, மகனை ஒரு மணி நேரத் தூரம் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். மழையா? கொண்டுபோனார். காய்ச்சலா? காத்திருந்து கொண்டுவந்தார். ஐந்து ஆண்டுகள். பதினான்காம் வயதில் அந்தக் கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. பிள்ளைக்கு உயரம் போதாதாம். இனி வரத் தேவையில்லையாம்.

பிள்ளையின் மனம் ஆறட்டும் என்று றோசலின் அவனைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு இங்கே, தன் தமையன் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் வந்தார். ஆறுதல் தேடி எங்களிடம் வந்தார் என்பதை இந்தச் சபை மறக்கக்கூடாது.

அவன் விளையாடியதை எத்தனை பேர் பார்த்தீர்கள்? கை தூக்குங்கள். அடேயப்பா. அன்றைக்கு அந்த மைதானத்தில் இத்தனை பேர் இருக்கவில்லையே.

நடுக்களத்தில் நிற்பான். பந்து அவனிடம் வருவதற்கு முன்னமே, இடத்தோளுக்கு மேலால் ஒருதரம், வலத்தோளுக்கு மேலால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பான். ஓயாமல் பார்ப்பான். எங்களவர்களுக்கு விளங்கவில்லை. "பாவம், தாயைத் தேடுறான்" என்று யாரோ சொல்ல, மைதானக் கரையெல்லாம் சிரிப்பு. முதல் பந்து அவன் காலுக்கு வந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நாற்பது மீற்றர் தூரத்தில் தனித்து நின்றவனின் காலடியில் கொண்டுபோய் வைத்தான். கரை அடங்கிவிட்டது. அவன் தேடியது தாயை அல்ல. யார் எங்கே நிற்கிறான், எங்கே வெளி இருக்கிறது, எவனுக்கு உதவி தேவை என்று பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வயதில் அவன் எல்லோரையும் பார்த்தான். எழுபதை நெருங்கிய நாங்கள் அவன் ஒருவனைப் பார்க்கவில்லை.

முதலில் தாய் அவனை எங்கே கூட்டிச் சென்றார் தெரியுமா? தகப்பனின் ஊர்க் கழகத்துக்கு. பூவரசங்கரைக்கு. அங்கே தலைவராக இருந்த அல்பேட், இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார், என் நண்பர்தான், என்ன சொன்னார்?

"உவர் தாயோட வந்து தாயின்ர ஆக்களின்ர வீட்டில நிக்கிறார். தாயின்ர ஆக்களையே கேளுங்கோ."

சரி என்று தாயின் ஊரான முரல்துறைக்குப் போனார்கள். முரல்துறை சேர்த்துக்கொண்டது. நான்கு ஆட்டங்கள், நான்கு வெற்றிகள். இறுதிப்போட்டி யாரோடு? பூவரசங்கரையோடு. இடைவேளையில் முரல்துறை இரண்டு கோல், பூவரசங்கரை பூச்சியம். இரண்டுக்கும் வழி சமைத்தவன் மாக்கஸ். அப்போதுதான் அல்பேட் எங்கள் மேசைக்கு வந்து ஆட்சேபம் கொடுத்தார்.

"அவன் எங்கட பொடியன். தகப்பன் பூவரசங்கரை. எங்களுக்கு எதிரா விளையாட ஏலாது."

மூன்று கிழமைக்கு முன்னர் தாயின் பிள்ளை. மூன்றாவது கோல் விழுந்துவிடுமோ என்ற பயம் வந்ததும் தகப்பனின் பிள்ளை.

இருங்கள் அல்பேட், எழும்பாதீர்கள். உங்களைவிடப் பெரிய குற்றவாளியை இன்னும் நான் காட்டவில்லை.

எங்கள் ஒன்றியச் சட்டயாப்பின் ஏழாம் விதி என்ன சொல்கிறது? ஒரு வீரன் தன் தந்தையின் ஊருக்கு மட்டுமே விளையாடலாம் என்கிறது. அதை உறுதிசெய்ய அல்பேட் அங்கேயே நின்று இங்கிலாந்துக்குத் தொலைபேசி எடுத்தார். அலெக்ஸாண்டர் வேலையில் இருந்தார். மகன் எந்த ஊர் என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லவில்லை. மகன் கப் எடுத்துவிட்டான், பெயர் அறிவிக்கப் போகிறார்கள் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

"இதென்ன கேள்வி? அவன் பூவரசங்கரைதான்," என்றார். அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அந்தக் குரல் தொலைபேசியின் ஒலிபெருக்கி வழியாக எங்கள் மேசை முழுவதும் கேட்டது.

அந்தப் பெருமையைத்தான் சாட்சியமாக எழுதினோம். 'தந்தையார் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்.' உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? தகப்பனின் வாயாலேயே பிள்ளையை வெளியேற்றிய கூட்டம் நாங்கள்.

மாக்கஸ் குளிர்பெட்டியின் மேல் அமர்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அங்கிள், நான் எந்த ஊர்?"

இரண்டு ஊரையும் அவன் கண்ணால் கண்டதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அப்பான்ர ஊர்தான் தம்பி. விதி அப்பிடி."

அவன் சீருடைச் சட்டையைக் கழற்றினான். அதன் கைகளை உள்ளே மடித்து, நான்காக மடித்து, என்னிடம் தந்தான். உரித்த பழத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதையும் என்னிடமே தந்தான்.

முரல்துறை தோற்றது. அது போகட்டும், விளையாட்டு. ஆனால் அடுத்த கிழமை செயற்குழு கூடி என்ன எழுதியது? ஊரை மறைத்து ஏமாற்றிப் பதிவுசெய்த குற்றத்துக்காக இரண்டு ஆண்டு தடை என்று எழுதியது.

மறைத்தானா? இதோ அவனுடைய பதிவுப் படிவம். எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தலைவர் அவர்கள் வாங்கிப் பார்க்கலாம். தந்தையின் ஊர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில், பிள்ளையின் கையெழுத்தில், பூவரசங்கரை என்று இருக்கிறது. அவன் எதையும் மறைக்கவில்லை. அதன் கீழே முத்திரை குத்தி ஒப்பமிட்டவன் யார்? நான். பார்த்தேன், வாசித்தேன், தெரிந்தே குத்தினேன். பயிற்சியில் அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் கண்டவன் நான். இவன் விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செயற்குழுவில் அதைச் சொன்னேன். பதிவாளர் பிழை விட்டார் என்று எழுதினால் சுற்றுப்போட்டிக்கே இழுக்கு என்றார்கள். பிள்ளை பொய் சொன்னான் என்று எழுதுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்தத் தீர்மானத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. என்னைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். இந்த விழாவுக்கு முன், எட்டு ஆண்டுகளாக ஓர் அழைப்பிதழ்கூட வரவில்லை. அதைப் பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. இல்லை என்று நடிக்க மாட்டேன்.

பின்வரிசையில் யாரோ மணிக்கூட்டைக் காட்டுகிறார். தெரிகிறது தம்பி. எட்டு ஆண்டு பொறுத்தேன். நீர் எட்டு நிமிடம் பொறும்.

இங்கிலாந்துக்குத் திரும்பிய மாக்கஸ் ஏழு மாதம் பந்தைத் தொடவில்லை. சகோதரி றோசலின் என்னிடம் சொன்னது இது. உயரம் போதாது என்று அனுப்பியவர்கள் அவனது உடம்பைத்தான் குறை சொன்னார்கள், உடம்பு வளரும். நாங்கள் அவனது பெயரையல்லவா குறை சொன்னோம்? பெயர் எப்படி வளரும்?

எட்டாம் மாதம், வீட்டருகே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஆள் குறைந்தது. போனான். பதினாறாம் வயதில் சிறிய கழகம் ஒன்று தேர்வுக்கு அழைத்தது. அங்கே ஒரு படிவம். இதுவரை ஏதாவது அமைப்பு உங்களைத் தடை செய்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. கனடாவில் நடந்தது யாருக்குத் தெரியும், இல்லை என்று எழுது என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். கள்ளன் என்று நாங்கள் எழுதிய பிள்ளை, ஆம் என்று எழுதினான்.

பயிற்சியாளர் அழைத்துக் காரணம் கேட்டாராம். அப்பாவின் ஊரும் அம்மாவின் ஊரும் நான் எந்த ஊர் என்று சண்டை பிடித்தன என்றானாம். அந்த வெள்ளைக்காரருக்கு விளங்கவில்லை. மூன்று முறை கேட்டாராம். மூன்றாம் முறையும் விளங்காமல், நீ இந்த நகரத்தில்தானே இருக்கிறாய், நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு வா என்றாராம்.

போனான். மூத்த வீரர்களின் சப்பாத்துக்களைத் துடைத்தான். பதினெட்டில் ஒப்பந்தம். இன்னும் சிறிய கழகம் ஒன்றுக்கு ஒரு பருவம் இரவலாக அனுப்பினார்கள். முழங்கால் அளவு சேற்றில் விளையாடினான். பத்தொன்பதில், முதன்மை அணியின் ஆட்டத்தில் எழுபத்தெட்டாவது நிமிடம் மாற்றுவீரனாக இறங்கினான். இருபத்திரண்டு வயதாகும் இன்று, அந்நாட்டின் இரண்டாம் பிரிவில் ஒவ்வொரு கிழமையும் நடுக்களத்தில் நிற்கிறான். தொலைக்காட்சியில் பாருங்கள். பந்து வருமுன் இடம் பார்க்கிறான், வலம் பார்க்கிறான்.

அலெக்ஸாண்டர் ஏன் வரவில்லை என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். மகனின் எல்லா ஆட்டத்துக்கும் போகிறார். ரொறன்ரோவுக்கு மட்டும் வர மாட்டாராம். தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் இன்றைக்கும் மனைவியிடம்தான் கொடுக்கிறாராம்.

வாசலில் இரண்டு கழகத்தின் மேசையிலும் மாக்கஸின் படம். ஒன்றில் 'முரல்துறையின் முத்து'. மற்றதில் 'பூவரசங்கரையின் புதல்வன்'. வெட்கம் வேண்டாமா? அவனுக்கு வேண்டியபோது வெளியே விட்டவர்கள், வென்றபோது வீட்டுக்குள் இழுக்கிறோமா?

இப்போது பெரிய குற்றவாளி. அந்த ஏழாம் விதியை எழுதியது யார்? அல்பேட் இல்லை. செயற்குழு இல்லை. பிறம்ரன் பண்டகசாலையில், சாப்பாட்டு நேரத்தில், இந்தக் கையால் நான் எழுதினேன். மொன்றியலிலிருந்து கூலிக்கு ஆட்டக்காரர்களை இறக்கி அடிபாடு நடந்த காலம். அதை நிறுத்த எழுதினேன். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன். தாய்க்கும் ஓர் ஊர் இருக்கும் என்பது மட்டும் என் மூளையில் உதிக்கவே இல்லை. தாய்மார்களே, உங்களை மறந்தே அந்த விதியை எழுதினேன். மன்னிப்புக் கேட்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது.

செயலாளர் ராகுலன் கூட்டறிக்கைப் புத்தகத்தை இந்த மேடைக்குக் கொண்டுவர வேண்டும். தலைவர் சீமோன் அந்தத் தீர்மானத்தை எல்லோருக்கும் கேட்க வாசித்து, இது பொய் என்று அறிவித்து, இரத்துச் செய்ய வேண்டும். பதிவாளரின் பிழை என்று அதே பக்கத்தில் என் பெயரை எழுத வேண்டும். அல்பேட், மூன்றாம் வரிசை உங்களுக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. திரும்பி, அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். இரண்டு கழகமும் தங்கள் படத்தை இறக்க வேண்டும். இரத்துச் செய்த தீர்மானத்தை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும், அலெக்ஸாண்டரின் பெயருக்கு, அவர் கையில் கிடைக்கும்படி. ஏழாம் விதியை நானே வெட்டுகிறேன். பேனை கொண்டு வந்திருக்கிறேன். இவ்வளவும் முடிந்த பிறகு விருது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கோபத்தோடு கேட்ட நண்பர்களுக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மாருக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

நான் இறங்கவில்லை, தலைவர் அவர்களே. புத்தகம் வரும்வரை இங்கேயே நிற்கிறேன்.