உயிருக்குக் கேடில்லாத சோப்பு

யாழினி: ...அந்த ஒரு வரிய மட்டும் என்னால எழுத முடியலண்ணா.

வர்த்தமான்: எந்த வரி?

யாழினி: "ஓர் உயிருக்கும் கேடு செய்யாத சோப்பு."

வர்த்தமான்: நம்ம ரேப்பர்லயே அதான இருக்குது! எழுதி அனுப்பும்மா. பிரஸ்ஸுலேந்து அந்தோணி மூணு வாட்டி போன் பண்ணிட்டாரு.

யாழினி: ரேப்பர்ல எழுதினது அப்பா. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே...

வர்த்தமான்: மெதுவா பேசு! மேல சாப்டுக்கினு இருக்காரு.

யாழினி: இருட்டறதுக்குள்ள முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவாரு. கம்பெனியோட நாப்பது வருஷ வரலாறு எங்கன்னு கேப்பாரு... ஏண்ணா குறுக்கும் நெடுக்கும் நடக்கற? உக்காரேன்.

வர்த்தமான்: உக்கார முடியல. எழுதின வரைக்கும் படி.

யாழினி: "பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளுக்குப் பட்டு நூலின் பசை போக வேகவைக்கும் சோப்பைத்தான் அனந்தநாதன் முதலில் காய்ச்சினார். மாட்டுக்கொழுப்பு சேர்க்காமல், தேங்காய் எண்ணெயில்..."

வர்த்தமான்: கல்யாணத்துக்கே பட்டு கட்டாத சமணரு. அதையும் போடு.

யாழினி: போட்டுட்டு? பட்டு வேகவெச்ச தண்ணியில கைய வெச்ச பொம்பளைங்களுக்குக் கை மெத்துனு இருக்குதுன்னு, அம்மா ஒரு குடம் மொண்டாந்து குளிக்கிற சோப்புல ஊத்துச்சே, அத எங்க போடறது? புழுவக் கொன்னு எடுத்த பட்டோட பசைண்ணா அது!

வர்த்தமான்: அப்பறந்தான சோப்பே ஓடுச்சி...

யாழினி: இப்ப ஊத்தறது நீ.

வர்த்தமான்: அம்மா சாகறப்ப எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போச்சி. வாரம் ரெண்டு கேன். "அப்பாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுருவாரு"ன்னு கையப் புடிச்சிக்கினு அழுதுச்சி. நீ எழுதினா...

யாழினி: நெஜத்த எழுதாட்டி அவர் பேர்ல நான் பொய் சொல்றேன். பயமா இருக்குதுண்ணா.

வர்த்தமான்: அவரே நம்ம சோப்பு போட்டுக் குளிக்கறதில்ல, பயத்தமாவுதான். அத வேணா எழுது!

யாழினி: கஞ்சம்! விக்கிற சரக்க வீட்ல கரைக்கக் கூடாதுன்னு... சிரிக்காத. படியில சத்தம் கேக்குது.

அனந்தநாதன்: என்னம்மா, முடிச்சியா?

யாழினி: ஒரு வரி பாக்கிப்பா.

அனந்தநாதன்: ரேப்பர் வரியா? ...அத எடுத்துரு.

வர்த்தமான்: அப்பா! நீங்க எழுதினதுப்பா அது!

அனந்தநாதன்: ஆமா. உங்கம்மா மொதக் குடம் கொண்டாரதுக்கு முந்தி எழுதினது.

யாழினி: ...உங்களுக்குத் தெரியுமா?

அனந்தநாதன்: சோப்பு காய்ச்சறவனுக்கு நொர தெரியாதா?

வர்த்தமான்: அம்மாகிட்ட ஏன்பா கேக்கல?

அனந்தநாதன்: கேட்டா நிறுத்தச் சொல்லணும். நிறுத்தினா ரெண்டு புள்ளைங்களுக்கும் சோறு ஏது? வாய மூடிக்கினேன்... என் ஒடம்புல மட்டும் படவிடல. "நாளைலேந்து எனக்குப் பயத்தமாவு போதும்"னேன். ஏன்னு அவ கேக்கல. சாகற வரைக்கும் அவ கையாலயே அரைச்சிக் குடுத்தா.